அடங்காத ஐயம்: மூளைக்குள் ஒரு சுழற்சி

பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறுகிறீர்கள். வண்டி நகர்ந்ததும் ஒரு நினைப்பு குறுக்கிடுகிறது: 'கேஸ் அடுப்பை அணைத்தோமா?' அணைத்தது போலத்தான் இருக்கிறது. ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தாம்பரத்தில் நண்பன் ஏறிக்கொள்கிறான். பேச்சு கிரிக்கெட்டுக்குத் தாவுகிறது. குரோம்பேட்டை வருவதற்குள் அடுப்பு மறந்தே போகிறது. இது நம் எல்லோருக்கும் நேர்வதுதான்.

இப்போது இன்னொரு மாணவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதே வண்டி, அதே நினைப்பு. ஆனால் அவன் தாம்பரத்தில் இறங்கி, எதிர் வண்டி பிடித்து வீட்டுக்குத் திரும்புகிறான். கதவைத் திறந்து பார்க்கிறான். அடுப்பு அணைந்துதான் இருக்கிறது. பூட்டிக்கொண்டு புறப்படுகிறான். தெருமுனையில் மறுபடியும் கேள்வி: 'சரியாகத்தான் பார்த்தேனா? பார்க்கும்போது கை பட்டுத் திருகு திறந்திருந்தால்?' மீண்டும் திரும்புகிறான். இப்படி நான்கு முறை, ஐந்து முறை. அன்று அவனுக்குக் கணக்குத் தேர்வு! தான் செய்வது பொருளற்றது என்பது அவனுக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. வெட்கத்தால் யாரிடமும் சொல்வதும் இல்லை. 'சோம்பேறி, நேரத்துக்குக் கிளம்பத் தெரியாதவன்' என்ற பெயர்தான் வீட்டில் மிஞ்சுகிறது.

இந்த நிலைக்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஓ.சி.டி. என்றும் சொல்வார்கள். விரும்பாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வருவது இதன் ஒரு பாதி. அந்த எண்ணம் தரும் பதற்றத்தைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது மறு பாதி. கை கழுவுதல், பூட்டைச் சரிபார்த்தல், எண்ணுதல், ஒரே வரியை மீண்டும் மீண்டும் படித்தல் என்று அந்தச் செயல் பல வடிவம் எடுக்கும். சிலருக்கு எல்லாமே மனத்துக்குள் நடக்கும். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. சண்டிகர் மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 82 நோயாளிகளை ஆராய்ந்து 1975-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட எண்ண வடிவங்களில் மிகுதியாக இருந்தது ஐயம்தான். 'செய்தேனா, இல்லையா?' என்ற ஐயம்.

கோலத்தில் ஒரு புள்ளி விலகினாலும் அழித்துப் போடும் அக்காவை 'உனக்கு ஓ.சி.டி.' என்று கேலி செய்கிறோம். அது தவறு. அக்காவுக்குக் கோலம் முடிந்ததும் மகிழ்ச்சி உண்டு. நோயாளிக்கோ அந்தச் செயலில் மகிழ்ச்சியே கிடையாது. நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்தச் சுழற்சி விழுங்கிவிட்டால், அல்லது படிப்பையும் வீட்டு வாழ்வையும் குலைத்தால்தான் மருத்துவர் அதை நோய் என்கிறார். 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இந்நோய் இருந்தது. கேரளத்தில் 12 முதல் 18 வயதுள்ள பள்ளி மாணவர்களிடையே நடந்த ஆய்விலும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான். ஆயிரம் பேர் படிக்கும் உங்கள் பள்ளியைச் சற்றே மனத்தில் கொண்டு பாருங்கள்.

பார்க்கப் பார்க்கக் குறையும் உறுதி

நான் மருத்துவன் அல்லன், இயற்பியல் கற்பிப்பவன். ஆய்வகத்தில் மாணவர்களிடம் 'ஒரே அளவைப் பத்து முறை எடு' என்று வற்புறுத்துவது என் வேலை. பத்து அளவீடுகளின் சராசரியில் தற்செயல் பிழை குறைகிறது. எத்தனை முறை எடுக்கிறோமோ அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. அப்படியானால் அடுப்பைப் பத்து முறை பார்த்தவனுக்கு உறுதி கூட வேண்டுமல்லவா?

கூடுவதில்லை. நெதர்லாந்தில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2003-ல் வெளிவந்த அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் நோயாளிகள் அல்லர், சாதாரண மாணவர்கள். கணினித் திரையில் தெரியும் ஒரு கேஸ் அடுப்பின் திருகுகளைத் திறந்து, மூடி, சரிபார்க்கச் சொன்னார்கள். ஏறக்குறைய இருபது முறை இப்படிச் செய்த பிறகு, கடைசியாகச் சரிபார்த்தது நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். விடை சரியாகவே இருந்தது. ஆனால் நினைவின் தெளிவு மங்கிப்போயிருந்தது. தன் நினைவின் மேல் இருந்த நம்பிக்கையும் குறைந்திருந்தது! ஐயத்தைத் தீர்க்கும் என்று நம்பிச் செய்யும் செயலே ஐயத்துக்குத் தீனி போடுகிறது. என்னைக் கேட்டால், இந்த நோயைப் பற்றிய சோதனைகளில் இதைப் போல எளிமையும் அழகும் கொண்டது இன்னொன்று இல்லை.

சரி, நம் எல்லோருக்கும் வரும் ஐயம் குரோம்பேட்டைக்குள் அடங்கிவிடுகிறதே, அவனுக்கு மட்டும் ஏன் அடங்கவில்லை? இங்கேதான் மூளைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

பள்ளி ஆண்டு விழாவில் ஒலிபெருக்கி திடீரென்று 'கூஊஊ' என்று அலறுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்குக்குள் நுழைகிறது, பெருக்கப்பட்டு வெளியே வருகிறது, மறுபடியும் நுழைகிறது. ஒரு சுற்றில் ஒலி 0.9 மடங்காகத் தேய்ந்தால் பத்துச் சுற்றுக்குப் பின் அது 0.35 மடங்குதான், அடங்கிவிடும். ஒரு சுற்றில் 1.1 மடங்காக வளர்ந்தால் பத்துச் சுற்றுக்குப் பின் 2.6 மடங்கு, அலறல்தான். 0.9-க்கும் 1.1-க்கும் எவ்வளவு சிறிய வேறுபாடு பாருங்கள்!

மூளையிலும் இத்தகைய சுற்றுப் பாதைகள் உண்டு. கண்குழிக்கு நேர் மேலே உள்ள முன்மூளைப் பகுதி 'ஏதோ சரியில்லை' என்பதைக் கண்டு குறிப்புத் தருகிறது. அந்தக் குறிப்பு மூளையின் ஆழத்தில், வால் போல் வளைந்து கிடக்கும் காடேட் என்ற பகுதிக்குச் செல்கிறது. வருகின்ற குறிப்புகளில் எதை விடுவது, எதை நிறுத்துவது என்று சலித்தெடுப்பதில் காடேட்டுக்குப் பங்கு உண்டு. அங்கிருந்து செய்தி தலாமஸ் என்ற நிலையத்தின் வழியாக மீண்டும் முன்மூளைக்கே வந்து சேர்கிறது. இந்தச் சுற்று அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் சுழல்வதே நோயின் அடிப்படை என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொண்டுள்ள கருத்து. மைக் உவமையை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. மூளைச் சுற்றுக்கு 0.9, 1.1 என்று யாரும் எண் குறித்துவிடவில்லை. இருந்தாலும் சுற்று இருக்கிறது என்பதும், அது சூடாக இயங்குகிறது என்பதும் வெறும் ஊகம் அல்ல. பார்த்திருக்கிறார்கள்.

மூளையின் பசியை அளத்தல்

எப்படிப் பார்த்தார்கள்? நம் உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம். உடல் செலவிடும் ஆற்றலிலோ அதன் பங்கு 20 சதவீதம்! அந்த ஆற்றல் பெரும்பாலும் குளுக்கோஸிலிருந்து வருகிறது. எந்தப் பகுதி கடினமாக உழைக்கிறதோ அது அதிகக் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். ஆகவே குளுக்கோஸில் ஓர் அடையாளத்தைக் கட்டிவிட்டால் உழைக்கும் பகுதியைக் கண்டுகொள்ளலாம்.

அந்த அடையாளம்தான் கதிரியக்கம் உள்ள ஃபுளூரின்-18. அதன் உட்கரு சிதையும்போது ஒரு பாசிட்ரானை வெளியிடுகிறது. பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்த்துகள். 1932-ல் ஆண்டர்சன் கண்டுபிடித்தது. அது ஓரிரு மில்லிமீட்டர் தூரம்கூடப் போவதில்லை. ஓர் எலக்ட்ரானைச் சந்திக்கிறது, இரண்டும் அழிகின்றன, நிறை முழுவதும் ஆற்றலாக மாறுகிறது. ஐன்ஸ்டீனின் சமன்பாட்டில் எலக்ட்ரானின் நிறையைப் போட்டால் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரும். சரியாக அந்த ஆற்றலுடன் இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பறக்கின்றன. தலையைச் சுற்றி வளையமாக அமைந்த உணர்விகளில் எதிரெதிரே உள்ள இரண்டும் ஒரே கணத்தில் 'வந்தது' என்று சொன்னால், அவற்றை இணைக்கும் கோட்டின் மேல்தான் எங்கோ அழிவு நடந்தது என்று பொருள். இலட்சக்கணக்கான கோடுகளைக் கணினி ஒன்றுசேர்த்துப் படம் வரைந்துவிடுகிறது. பாசிட்ரானின் பெயரால் இதைப் பெட் ஸ்கேன் என்பார்கள்.

ஃபுளூரின்-18-ன் அரை ஆயுள் 110 நிமிடம். கடற்கரை நிலையத்தில் அதை ஏற்றிக்கொண்டு மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, அதே வண்டியில் திரும்பினால், பாதிதான் மிஞ்சியிருக்கும். 1976-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இந்தக் குளுக்கோஸைச் செலுத்தியபோது, நியூயார்க் மாநிலத்தில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்து விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோனார்கள்!

இந்த முறையைப் பயன்படுத்தி, லூயிஸ் பாக்ஸ்டர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் எண்ணச் சுழற்சி நோயாளிகளின் மூளையைப் படம் பிடித்தார்கள். 1987-ல் வந்த முடிவு: முன்மூளையின் அந்தக் கண்குழிப் பகுதியும் காடேட்டும் மற்றவர்களைவிட அதிகக் குளுக்கோஸை உட்கொண்டன. அதைவிட முக்கியமானது 1992-ல் வந்த அடுத்த முடிவு. அதைச் சொல்லுமுன் மருந்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கதை நம் ஊர்ப் பக்கத்து ரயில் நிலையம் ஒன்றின் பெயரைத் தொட்டுச் செல்கிறது.

சானடோரியம் என்ற பெயர்

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடையே 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு நிலையம் இருக்கிறதே, அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று எண்ணியதுண்டா? காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் நோயாளிகளைக் காற்றோட்டமான இடத்தில் தங்கவைத்து, ஓய்வும் உணவும் கொடுப்பதுதான் சிகிச்சை. அத்தகைய இல்லமே சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928-ல் இங்கே அதை நிறுவினார். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

1950-களின் தொடக்கத்தில் காசநோய்க்கு ஐசோநியாசிட் என்ற மாத்திரை வந்தது. அதன் நெருங்கிய உறவான இப்ரோநியாசிட் என்ற மருந்தை 1952-ல் நியூயார்க்கின் சீ வியூ காசநோய் மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே ஒரு விந்தை நடந்தது. படுக்கையை விட்டு எழாமல் சோர்ந்து கிடந்தவர்கள் கலகலப்பானார்கள், சிரித்தார்கள், பசிக்கிறது என்றார்கள். நுரையீரலுக்குக் கொடுத்த மருந்து மனத்தையும் தொட்டுவிட்டது! நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் செரடோனின் போன்ற பொருள்களைச் சிதைக்கும் ஒரு நொதியை அது தடுக்கிறது என்பது தெரியவந்தது. கல்லீரலைப் பாதித்ததால் அம்மருந்து பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் மனச்சோர்வை வேதிப்பொருளால் மாற்றலாம் என்ற கதவு திறந்துகொண்டது.

அந்தக் கதவின் வழியே வேறு வேதிக் குடும்பங்களும் வந்தன. இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தில் ஒரே ஒரு குளோரின் அணுவைச் சேர்த்தால் கிடைப்பது குளோமிப்ரமின். இது செரடோனினை வலுவாகப் பற்றி வேலை செய்கிறது. 1960-களின் பிற்பகுதியில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் இதை எண்ணச் சுழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்து, பயன் தருகிறது என்று எழுதினார்கள். அதுவரை 'எந்த மருந்துக்கும் அசையாத நோய்' என்றே இது கருதப்பட்டது. வேறொரு செய்திப் பொருளை முக்கியமாகப் பற்றும் டெசிப்ரமினைக் கொடுத்தால் பயன் இல்லை. செரடோனினைப் பற்றும் மருந்துக்கே நோய் இளகியது. அமெரிக்காவில் ஜூடித் ராப்பப்போர்ட் என்ற மருத்துவர் நாய்களிடம்கூட இதைக் கண்டார். சில நாய்கள் தம் காலைப் புண்ணாகும்வரை நக்கிக்கொண்டே இருக்கும். குளோமிப்ரமின் கொடுத்தால் நக்குவது குறைகிறது, டெசிப்ரமினுக்குக் குறைவதில்லை. நாய்க்குப் பிடிவாதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

பின்னர் வந்த ஃபுளூவோக்சமின், ஃபுளூவாக்சடின், செர்ட்ராலின் போன்றவை பக்க விளைவு குறைந்தவை. இன்று முதலில் கொடுக்கப்படுபவை இவையே. ஒரு நரம்பணு வெளியிட்ட செரடோனினை அதே அணு திரும்ப உறிஞ்சிக்கொள்வதை இவை தடுக்கின்றன. ஆனால் இங்கே ஒரு புதிர். உறிஞ்சல் தடைபடுவது சில மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. நோய் தணிவதோ எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில்! ஆகவே 'செரடோனின் குறைவு, மாத்திரையால் நிரப்பினோம்' என்ற தொட்டிக் கணக்கு செல்லாது. அணுக்களும் அவற்றின் இணைப்புகளும் மெல்ல மெல்லத் தம்மை மாற்றியமைத்துக்கொள்கின்றன என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. மனச்சோர்வுக்குத் தேவைப்படுவதைவிட இந்த நோய்க்கு மருந்தின் அளவும் பெரும்பாலும் அதிகமாகவே தேவைப்படுகிறது.

பாதியில் நிற்கும் கணக்கு

இனி 1992-ஆம் ஆண்டு முடிவுக்கு வருவோம். பாக்ஸ்டர் குழுவினர் 9 நோயாளிகளுக்கு ஃபுளூவாக்சடின் கொடுத்தார்கள். வேறு 9 பேருக்கு மருந்தே கொடுக்கவில்லை; பயிற்சி மட்டும் அளித்தார்கள். லண்டனில் விக்டர் மேயர் 1966-ல் எழுதிய முறையிலிருந்து வளர்ந்த பயிற்சி அது. கை அழுக்கு என்று அஞ்சுபவர் கதவுக் கைப்பிடியை வேண்டுமென்றே தொட வேண்டும். தொட்ட பிறகு கழுவக் கூடாது. பதற்றம் விர்ரென்று ஏறும். ஆனால் டம்ளரில் ஊற்றிய காப்பி தானே ஆறுவது போல அதுவும் தானே இறங்கும். கழுவுவது என்பது சூடான காப்பியை மேலும் ஊற்றுவது போன்றது. எளிதில் தொட முடிவதில் தொடங்கிப் படிப்படியாக, பயிற்சி பெற்றவர் துணையோடு செய்ய வேண்டியது இது.

பத்து வாரம் கழித்து இரு குழுவினரையும் மீண்டும் படம் பிடித்தார்கள். நலமடைந்தவர்களின் வலப்பக்கக் காடேட்டில் குளுக்கோஸ் செலவு குறைந்திருந்தது. மருந்தால் நலமடைந்தவருக்கும் அப்படியே. பயிற்சியால் நலமடைந்தவருக்கும் அப்படியே! எந்தச் சிகிச்சைக்கும் அசையாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. இன்னும் ஒன்று: சிகிச்சைக்கு முன் முன்மூளை, காடேட், தலாமஸ் மூன்றும் பற்சக்கரங்கள் போலப் பிணைந்து ஒன்றாக ஏறி இறங்கின; நலமடைந்த பின் அந்தப் பிணைப்பு தளர்ந்திருந்தது. ஒரு மனிதன் அஞ்சிய கைப்பிடியைத் துணிந்து தொட்டுக்கொண்டே இருந்ததால், மூளையின் ஆழத்தில் ஒரு பகுதி எரிக்கும் சர்க்கரையின் அளவு மாறியது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் ஒரு கணம் பேசாமல் இருப்பார்கள்.

ஆனால் எல்லோருக்கும் மருந்து பலிப்பதில்லை. முதலில் கொடுக்கும் மருந்துக்கு நல்ல பலன் காண்பவர்கள் நூற்றுக்கு 40 முதல் 60 பேர். பலன் என்பதையும் எண்ணால் அளக்கிறார்கள். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, ஆக மொத்தம் 40. 28-ல் தொடங்கியவர் 18-க்கு இறங்கினால் 35 சதவீதத்துக்கு மேல் குறைவு. அது நல்ல பலன். கவனியுங்கள், 18 என்பது பூஜ்யம் அல்ல. மீதியை இறக்க மருந்தோடு பயிற்சியைச் சேர்ப்பார்கள், அல்லது மருந்தை மாற்றுவார்கள். தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பைச் செலுத்தி மூளையில் மின்னோட்டத்தைத் தூண்டும் முறையும் வந்திருக்கிறது. நீங்கள் படிக்கும் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான் அது; இந்நோய்க்கு அமெரிக்காவில் 2018-ல் அனுமதி பெற்றது.

யாருக்கு எது பலிக்கும் என்று முன்கூட்டியே ஸ்கேனில் பார்த்துச் சொல்ல முடியுமா? 1998-ல் ஒரு குறிப்புக் கிடைத்தது. கண்குழிப் பகுதியின் இயக்கம் குறைவாக இருந்தவர்களுக்கு ஃபுளூவாக்சடினும், அதிகமாக இருந்தவர்களுக்குப் பயிற்சியும் கூடுதல் பலன் தந்தன. ஆர்வமூட்டும் செய்தி, ஆனால் சிறு குழு. ஒரு தனி நோயாளியின் சிகிச்சையை அதைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. பின்னர் பல நாட்டு ஆய்வு மையங்கள் தம் படங்களை ஒன்றுசேர்த்தன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமும் அதில் பங்கு கொண்டது. 1,800-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் காந்த ஒத்ததிர்வுப் படங்களை வைத்து 2017-ல் வெளிவந்த கணிப்பில், மருந்து எடுக்காத சிறுவர்களிடம் தலாமஸ் சற்றே பெரிதாக இருந்தது. பெரியவர்களிடம் காணப்பட்ட வேறுபாடுகள் வேறு. இவற்றில் எது நோயின் தடம், எது மருந்தின் தடம்? அதைப் பிரித்தறிய மருந்து எடுக்காத நோயாளிகளைத்தான் ஆராய வேண்டும். அதற்காகவே இந்தியா, பிரேசில், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகள் ஒரே முறையில் படமெடுக்கும் திட்டத்தை மேற்கொண்டன. இந்தியாவின் பங்கு நிம்ஹான்ஸில். சராசரியில் தெரியும் வேறுபாடு தனி ஒருவரிடம் தெரிவதில்லை. எனவே 'ஸ்கேன் எடுத்து ஓ.சி.டி.யைக் கண்டுபிடிக்கிறோம்' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். இன்றும் மருத்துவர் பேசிக் கேட்டுத்தான் இந்நோயைக் கண்டறிகிறார்.

மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, நன்றாகிவிட்டது என்று நாமே நிறுத்தவும் கூடாது. நலமடைந்த பின்னும் ஓரிரு ஆண்டு தொடர்வது வழக்கம். இளவயதினரை முதல் சில வாரங்கள் மருத்துவர் நெருங்கிக் கவனிப்பார். வீட்டாருக்கும் ஒரு பாடம் உண்டு. 'பூட்டியாச்சாம்மா?' என்று பிள்ளை பத்தாம் முறை கேட்கும்போது 'பூட்டியாச்சுடா கண்ணு' என்று அன்போடு சொல்லும் பதில், அவன் பத்தாம் முறை பூட்டை இழுத்துப் பார்ப்பதற்குச் சமம். எப்போது பதில் சொல்லாமல் இருப்பது, எப்படிச் சொல்லாமல் இருப்பது என்பதை மருத்துவர் வீட்டாருக்கும் கற்றுத் தருவார்.

தாம்பரம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தெற்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வடக்கே கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் சேவையை அழைக்கலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவிலும் பகலிலும் தமிழிலேயே பேசலாம்.